காக்கை வாதாடிய வழக்கு

வக்கீல் கொக்கிடம் காக்கை குமாஸ்தாவாக இருந்தது. அதன் கறுப்பைப் பார்த்த அணில், அதுதான் வக்கீல் என்று நினைத்துக் கும்பிட்டது.

"என் பொந்தைக் கிளி பிடுங்கிக்கொண்டது, வக்கீலய்யா!"

காக்கை கழுத்தை நிமிர்த்திக்கொண்டது. கொக்குக்குத் தெரியாமல், "நானே வாதாடுகிறேன்" என்றது.

"வக்கீல் கையெழுத்துப் போட்ட வக்காலத்து எங்கே?" என்று நீதிபதி யானை கேட்டது. காக்கையிடம் அது இல்லை. வழக்கு தள்ளுபடியானது, பொந்து கிளியிடமே தங்கிவிட்டது. காக்கையின் வேலை பறிபோனது. இனி நீதிமன்ற வாசலையே மிதிக்கக் கூடாது என்று தடையும் விழுந்தது.

வெளியே, ஒதுங்க இடமில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்த அணிலிடம் காக்கை பெருமையாகச் சொன்னது:

"பார்த்தாயா? வெறும் குமாஸ்தாவுக்கு இவ்வளவு பெரிய தண்டனை கொடுப்பார்களா? என்னை வக்கீலாகவே மதித்துவிட்டார்கள்! நீ கவலைப்படாதே, அப்பீலையும் நானே பார்த்துக்கொள்கிறேன்."