சுக்குக் காப்பி

"மாத்திரை ஏதும் போடுறியாம்மா?"

டாக்டர் கேட்டது கோமதியிடம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் அம்மா, மடியிலிருந்த ஃபிளாஸ்க்கை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூடக் கெடையாது டாக்டர்," என்றாள் மகள். "எங்கப்பா தறிச் சத்தத்துல தலவலி தலவலின்னு மாத்திரையா முழுங்கி, கிட்னி போயித்தான் எறந்தாவ. நான் கையால தொடமாட்டேன்."

"பெறகு வலிக்கு என்ன செய்வே?"

"எங்கம்மாவோட சுக்குக் காப்பிதான். அது ஒண்ணுக்குத்தான் கேக்கும். இங்கயும் தூக்கிட்டு வந்திருக்கா, பாருங்க."

டாக்டர் ஃபிளாஸ்க்கைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவும் சிரித்தாள். சிரிக்க வேண்டியிருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள், கோமதி வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டினாள். நெற்றி தடித்துவிட்டது. மாத்திரையை நீட்டினால் தட்டிவிடுகிறாள். பெற்றவள் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்?

சுக்கு இடிக்கிற சின்ன உரலில் ஒரு மாத்திரையையும் போட்டு இடித்தாள்.

சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

கருப்பட்டி அந்தக் கசப்பைத் தின்றுவிட்டது.

கோமதி குடித்தாள். தூங்கினாள். எழுந்து வந்து, "என்ன கைப்பக்குவம்மா ஒனக்கு," என்றாள்.

அந்த ஒரு சொல்லை அம்மா ஒரு வாரம் மனதுக்குள் வைத்திருந்தாள்.

மறுபடி வலி வந்தது. மறுபடி உரல்.

சித்திரையில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆடியில் தினமும். ஒன்று கேட்காமல் இரண்டு ஆனது. பிறகு மூன்று.

ஒரே மருந்துக் கடையில் வாங்கினால் கேள்வி வரும் என்று மூன்று கடைகளுக்கு மாறி மாறிப் போனாள்.

விடியும்போதே வலியோடு எழத் தொடங்கினாள் கோமதி. கல்லூரியை நிறுத்தியாயிற்று. குலதெய்வத்துக்கு முடி இறக்கியாயிற்று. சாயங்காலமானால் ஜன்னலை அடைத்துக்கொண்டு, முந்தானையால் தலையைக் கட்டிக்கொண்டு மகள் கிடப்பாள். அம்மா உரலை எடுப்பாள்.

இன்று காலை, சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறுமுன் ஃபிளாஸ்க்கில் ஊற்றிய காப்பியில் நாலு.

"நல்ல பழக்கம்," என்றார் டாக்டர். "இங்க வாரவங்கள்ல பாதிப்பேருக்கு மாத்திரைதான் வினை."

அம்மாவுக்குப் புரியவில்லை.

"வினையா?" என்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அது.

"ஆமாம்மா. ஒற்றைத் தலைவலி உள்ளவங்க எப்பவாவது ஒண்ணு போட்டா கேக்கும். நாள் தவறாம போட்டா, அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டு வரும். வலிக்குதேன்னு இன்னொண்ணு போடுவாங்க. அது இன்னும் கூட்டும்."

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். நிமிரவில்லை.

"நிறுத்தினா கொஞ்ச நாள் படுத்தும். பெறகு பெரும்பாலும் குறைஞ்சிரும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அவள் காதுக்குள் உரல் இடித்தது.

தை. சித்திரை. ஆடி.

அவள் கைதான்.

இந்தக் கைதான்.

"ஒங்க மகள் மாத்திரையே தொடுறதில்ல. அதனால அது இல்ல," என்றார் டாக்டர். "அப்ப வேற ஏதோ இருக்கு. தலைய ஸ்கேன் எடுக்கணும். ரெண்டு நாள் இங்க தங்கட்டும். முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர் எடுத்துப் பாத்திருவோம்."

கோமதியின் முகம் வெளுத்தது. இரண்டு விரல்களால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள்.

"ஊசியா? எங்க, நடு முதுகுலயா?"

"பயப்படாத. செஞ்சிரலாம்."

பேனா தாளில் ஓடியது. சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும்.

சொன்னால் இவள் இனி அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாள்.

சொல்லாவிட்டால் ஊசி.

"யம்மா." கோமதி கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினாள். "விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. ஒரு வாய் ஊத்து."

அவள் அசையவில்லை.

கோமதியே ஃபிளாஸ்க்கைப் பிடித்தாள்.

அவள் விடவில்லை.

"விடும்மா." மகள் கண்ணைத் திறந்து, வலியோடு சிரித்தாள். "கஞ்சப் பிசினாறி. டாக்டருக்கும் ஒரு வாய் குடுப்போம். குடிச்சுப் பாத்துட்டு, ஊசி வேண்டாம், இதுவே போதும்னு எழுதிரப் போறாவ."

டாக்டரும் சிரித்தார்.

ஃபிளாஸ்க்கில் நாலு கைகள். மகளுடைய இரண்டு, அவளுடைய இரண்டு. இழுத்ததில் உள்ளே காப்பி தளும்புகிற சத்தம் கேட்டது.

"நாலு," என்றாள் அம்மா.

யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"என்னம்மா நாலு?" என்றாள் கோமதி.

அவள் மகளைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்தாள்.

"இன்னைக்கு நாலு. நேத்தும் நாலு."

டாக்டரின் பேனா நின்றது. அவர் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். பிறகு அவளை.

கோமதியின் கைகள்தான் முதலில் விட்டன.