ஊதாப் பட்டை

சமையலறை மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். அடுப்பை ஒட்டியதில் ரோவீனா. ஜன்னலோரம், துக்கத்துக்காக ஒஹையோவிலிருந்து வந்திருந்த கொழுந்தன் லாய்ட். எதிரே, கையில் பேனாவோடு அவள் கணவர் டெல்பர்ட். பின்வாசல் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதன் முதுகில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை தொங்கியது.

அது அவர்கள் மகன் டேரலுடையது. மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை, சொந்த நிலத்து ஓடைக்கரையில், மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்து இறந்துபோனான். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சோளரொட்டியும் பீன்ஸும் மூடியபடியே இருந்தன.

"யாருக்குண்ணே லெட்டர்?"

"வேட்டைத் துறைக்கு. அந்த வார்டன் மார்னி மேல கம்ப்ளெயின்ட்."

"மறுபடியுமா?" லாய்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கோர்ட்ல அவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டும் புத்தி வரலையா அவளுக்கு?"

டெல்பர்ட் ஒரு புகைப்படத்தை மேசைமேல் தள்ளினார். வேட்டைக்காரர்களைச் சோதிக்க வரும் அந்த வார்டன் அத்துமீறி நுழைந்தால் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கேட்டுக்கு எதிரே மரத்தில் கேமராவைக் கட்டியிருந்தார். படத்தில் பச்சைச் சீருடையில் மார்னி, கேட் சங்கிலியில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தாள். தூணில் அடித்திருந்த ஊதாப் பட்டை அவள் தோளுக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. மூலையில், அந்தச் சனிக்கிழமையின் தேதி. காலை நேரம்.

"அன்னிக்கா! அந்த நாள்லயா வந்தா? மனுஷிதானா இவ?" லாய்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊதாப் பட்டை அடிச்சிருந்தா உள்ள வரக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேக்காம காலெடுத்து வெக்கக் கூடாதுன்னு ஜட்ஜே சொல்லியாச்சு. எழுதுண்ணே. சும்மா விடாத."

"வேண்டாங்க," என்றாள் ரோவீனா. "சின்னப் பொண்ணு. வேலை போயிடும். அடக்கத்தப்போ கடைசி வரிசையில நின்னு எப்படி அழுதா, பாத்தீங்கதானே?"

"அழுவா, அழுவா. குத்தமுள்ள நெஞ்சு," என்றான் லாய்ட்.

டெல்பர்ட் தொடர்ந்து எழுதினார். போன வருடக் கம்ப்ளெயின்டும் இதே மேசையில் எழுதியதுதான். அப்போது நான்காவது நாற்காலியில் டேரல் இருந்தான்.

"போன வருஷம் என்னதான் பண்ணினா அவ?" லாய்ட் கேட்டான். "போன்ல நீ கத்தினதுல பாதி புரியலை."

"வேலியைத் தாண்டி ஓடைக்கரைக்கே போயிட்டா," என்றாள் ரோவீனா. "டேரலோட லைசென்ஸைப் பாத்தா. அது சரியா இருந்துச்சு. அப்புறம் பரணை அண்ணாந்து பாத்துட்டு, விழாமத் தாங்குற இடுப்பு வாரை மாட்டாம மேல ஏறினியான்னு அவனைத் திட்டி, கீழ இறக்கி, தன் வண்டியில இருந்த வாரை எடுத்துக் கொடுத்து மாட்ட வெச்சா. இவருக்குத் தாங்கலை."

"பின்ன? கோர்ட்ல அண்ணன் சொன்னது ஊருக்கே தெரியுமே!" லாய்ட் நெஞ்சை நிமிர்த்தி அண்ணன் குரலில் சொன்னான்: "'என் நிலம், என் மரம், என் பையன். வார் மாட்டறதும் மாட்டாததும் எங்க இஷ்டம்!' எல்லாரும் கை தட்டினாங்களாமே?"

"தட்டினாங்க," என்றார் டெல்பர்ட்.

ஜெயித்த மறுநாளே அப்பாவும் மகனுமாய்ப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலியோரமெல்லாம் ஊதாப் பட்டை அடித்தார்கள். வார்டன் கொடுத்த வாரை டேரல் தபாலில் திருப்பி அனுப்பினான். அன்று வீடே சிரித்தது.

டெல்பர்ட்டின் பேனா நின்றது. "ரோவீனா, டாக்டர் என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "விழுந்தவுடனே போகலையாம். மத்தியானம் வரைக்கும் உசிரு இருந்திருக்கும்னார்."

அவர் அதை எழுதினார்.

"அதை எதுக்கு இதுல எழுதற?" என்றான் லாய்ட். "வார்டனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

டெல்பர்ட் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். புகைப்படத்தையும் வைத்தார். உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் நீவி, மறுபடி நீவினார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். லாய்டும் கூடவே போனான்.

ரோட்டோரத் தபால் பெட்டி, கேட்டை ஒட்டி இருந்தது. சங்கிலி போட்டது போட்டபடியே கிடந்தது. டெல்பர்ட் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடி, தபால்காரருக்குத் தெரியும்படி சிவப்புக் கொடியை நிமிர்த்தினார்.

"அவ கேட்டைத் தாண்டி உள்ள வந்தான்னு நல்லாத் தெளிவா எழுதினியா?" என்றான் லாய்ட்.

டெல்பர்ட் ஊதாப் பட்டையின்மேல் கையை வைத்தார்.

"போன வருஷம் அந்தம்மா ஏன் உள்ள வந்தாங்கன்னு கேட்டேன். இந்த வருஷம் கேட்டோட நின்னுட்டு ஏன் உள்ள வரலைன்னு கேட்டிருக்கேன்டா."