இன்னும் வருகிறார்கள்

இளம் அதிகாரியாகச் சேர்ந்து ஜெனரலாக உயர்ந்த எர்மோலாய் ஸ்தெபானவிச்சுக்கு அன்று ஜாரின் படையில் கடைசி நாள். சரத்தோவ் நகர மைதானத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய படைப்பிரிவு முரசொலியோடு, மேடையில் நின்ற அவரைக் கடந்து போனது. கடைசி வரிசையும் தெருமுனையில் மறைந்த பிறகும், சல்யூட் வைத்த கையை அவர் இறக்கவில்லை.

"எல்லாரும் போயாச்சுங்க பிரபு," என்றான் பக்கத்தில் நின்ற உதவி அதிகாரி கிரீல். "உள்ள வாங்க, தேநீர் ஆறிடும்."

"கொஞ்சம் பொறுப்பா. இன்னும் வந்துக்கிட்டிருக்காங்க."

"யாருங்க?"

"துருக்கியச் சண்டையில டான்யூப் ஆத்துல இறங்குங்கன்னேன். மறுபேச்சில்லாம இறங்கினாங்க. எனக்குப் பதக்கம் கிடைச்சுது. அவங்களுக்குக் கரை கிடைக்கல."

கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்த கிரீல், அவர் முழங்கையை மெல்லப் பற்றினான். அப்போதுதான் மைதானத்தைப் பார்த்தான்.

ஆளே இல்லாத புதுப்பனியில் பூட்ஸ் தடங்கள் விழுந்துகொண்டிருந்தன. வரிசை கலையாமல், சத்தமே இல்லாமல் அவை மேடையைக் கடந்தன. ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் நிறைந்திருந்தது. ஜெனரல் தாழ்ந்த குரலில் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிரீல் அவர் கையை விட்டான். குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, தானும் சல்யூட் வைத்தான்.