கதவு கேட்ட கேள்வி

"கதவு பூட்டிக்கிச்சு. சரியா எழுதினா திறக்கும். இல்லேன்னா நாம ரெண்டு பேரும் இங்கேயேதான்" என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

நேர்முகத் தேர்வுக்கு வந்தவனுக்கு வியர்த்தது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால், மாப்பிள்ளையைத் தன் கடையில் மூட்டை எண்ண வைப்பதென்று மாமனார் முடிவு செய்திருந்தார். அதற்கென்று ஒரு பழைய சட்டைகூட எடுத்து வைத்துவிட்டார்.

அறைக்கு ஜன்னல் இல்லை. கைபேசியை வரவேற்பிலேயே வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் ஜாடியும் காலி.

எதிரே இருந்தவர் டையைத் தளர்த்திக்கொண்டு, இவன் கழுத்தில் தொங்குவது போலவே ஒரு மஞ்சள் நாடா அட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய பதவியிலும் என்ன எளிமை என்று இவன் வியந்தான்.

அவர் கணினித் திரையைத் திருப்பினார். "கதவோட புரோகிராம் இது. அறைக்கு ஒரு அனோடேஷன், நம்ம அட்டைக்கு ஒரு அனோடேஷன்."

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மருந்து பாட்டிலில் சீட்டு ஒட்டுகிறோமே, அதுபோல நிரலில் ஒட்டுகிற சீட்டு. இரண்டு சீட்டும் சமம் என்றால் இந்தக் கதவு திறக்கும்.

"ரெண்டுலயும் 'மூணாவது மாடி, பார்வையாளர்'னுதான் இருக்கு. ஓர் எழுத்து மாறல. அப்புறம் ஏன்ப்பா திறக்க மாட்டேங்குது?"

குரல் ஏறக்குறைய அழுதது. ஆளைக் குழப்பிப் பார்க்கிறார், பலே கெட்டிக்காரர் என்று இவன் உஷாரானான்.

நேரம் போயிற்று. நான்கு சுவரும் ஆளுக்கு ஓர் அடி நகர்ந்து உள்ளே வந்துவிட்டது போல இருந்தது. ஒவ்வொரு சுவரின் பின்னாலும் மூட்டைகள்.

"எதையாவது தட்டுப்பா. சுவரையே பாத்துட்டிருந்தா சுவரா திறக்கும்?"

"கண்டுபிடிச்சுட்டேன் சார். ரெண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டிருக்காங்க. அது உள்ள எழுதியிருக்கிறதைப் பாக்காது. ரெண்டும் ஒரே சீட்டான்னுதான் பாக்கும். இங்க இருக்கிறது தனித்தனிச் சீட்டு, எப்படி ஒத்துக்கும்? அதுக்குப் பதிலா 'ஈக்வல்ஸ்'னு கேட்டா, ஒரே வகைச் சீட்டா, எழுதியிருக்கிறது ஒவ்வொண்ணும் ஒத்துப்போகுதான்னு பாக்கும்."

"அவ்வளவுதானா?" என்றார், வயிற்றெரிச்சலோடு. "மாத்து, மாத்து."

மாற்றினான். அவர் பாய்ந்து போய்த் தன் அட்டையைக் கதவருகே காட்டினார். க்ளிக். வராந்தாக் காற்று உள்ளே வந்தது.

"நான் பாஸா சார்?"

"உன்னை மாதிரி ஆளு கிடைக்கணுமே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, நாற்காலியெல்லாம் ஒழுங்கா போட்டுட்டு, மெதுவா வா."

போகும்போது ஓடினாற்போல் இருந்தது. பாவம், எத்தனை வேலையோ.

இவன் நாற்காலியை நேராக்கினான். மாமனாரின் அந்தச் சட்டையைத் தரை துடைக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வரவேற்புக்கு வந்தான்.

"மேடம், உள்ள என்னை இன்டர்வியூ பண்ணாரே, அந்த சார் எங்கே? எப்ப வேலையில சேரணும்னு கேக்கணும்."

வரவேற்பில் இருந்த பெண் புருவத்தை உயர்த்தினாள்.

"அவரு காலையில வந்த கேண்டிடேட் சார், கதவைத் திறந்துட்டு முதல்ல வந்ததால வேலை அவருக்குத்தான்."