சலூன் செலவு

அவர் கம்பெனியில் இனிமேல் பாதிச் சம்பளம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மனைவி ஒவ்வொரு செலவாகப் பிடித்து உலுக்க ஆரம்பித்தாள்.

"பேப்பர் வேண்டாம். பக்கத்து வீட்டுல வாங்கிப் படிச்சுக்கலாம்."

"சரி."

"கேபிளும் வேண்டாம். நான் பாக்காட்டியும் அந்த சீரியல் மருமக அழுதுக்கிட்டுதான் இருப்பா."

"சரி."

"அப்புறம், உங்க சலூன்."

அவர் நிமிர்ந்தார். "அது ஆடம்பரமா?"

"பின்னே? காதோரம் நாலு முடி. அதுக்கு மாசாமாசம் கடைத்தெரு வரைக்கும் போகணுமா? வீட்டுக் கத்திரிக்கோலே அதிகம்."

"வேற எதை வேணா நிறுத்து. அதை மட்டும் விட்டுடு."

"அப்படி என்ன இருக்கு அங்க?"

இத்தனை வருஷமாக அவளிடம் சொல்லாததை அவர் மென்று விழுங்கிச் சொன்னார்.

"கண்ணாடி. அதுல எதிர்த்தாப்புல இருந்த தையல்கடை தெரியும். ஜன்னலோரம் ஒரு பொண்ணு கழுத்துல டேப்போட உட்கார்ந்திருப்பா. அவளைப் பாக்கத்தான் அப்ப வாராவாரம் முடி வெட்டிக்கிட்டேன். இப்ப அங்க மொபைல் கடை. ஆனா அந்த நாற்காலியில போய் உட்கார்ந்தா, அவ இன்னும் தைச்சுக்கிட்டுதான் இருக்கா."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க சலூனுக்கு," என்றாள். "கண்ணாடியில உங்களுக்கு அவ தெரிஞ்சா, அவளுக்கு உங்க முகம் தெரியாதா?"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"உங்களைப் பாத்துக்கிட்டே அந்தக் கிறுக்கி எத்தனை சட்டைக்கு வலக்கையை இடப்பக்கம் வெச்சுத் தைச்சா தெரியுமா? ஒவ்வொண்ணுக்கும் முதலாளி என் சம்பளத்துலதான் பிடிச்சாரு!"