ஜன்னல் திரை

கூடத்தில் பெரியவர், அவருடைய மகன், கோர்ட் அனுப்பிய நன்னடத்தை அலுவலர் அம்மா என மூவர் இருந்தார்கள். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் தலையும் இருந்தது.

பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"மெல்லப் பேசுங்கம்மா. குடும்ப மானம் கப்பலேறுது."

அலுவலர் மகனைப் பார்த்தார். "கோபம் குறைஞ்சிருக்கா? மறுபடி யார்மேலயும் கை வைக்கலையே?"

"இல்லைங்க," என்றான் மகன், தலை நிமிராமல்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ சொல்வது கேட்டது. "தங்கமான அப்பனுக்கு இப்படி ஒரு பிள்ளை. கடைக்காரர் மண்டையை உடைச்சிட்டு வந்து நிக்குது."

மகன் அதை மறுக்கவில்லை. இத்தனை மாதமும் மறுத்ததில்லை.

பெரியவர் போய்த் திரையை விலக்கினார்.

"தப்பும்மா. உடைச்சது நான். இந்தம்மா வர்றதும் எனக்காகத்தான். அவன் எனக்கு ஜாமீன் நிக்கிறவன்."