இருபது மிதி

"மிதியும்."

யோகமலர் மிதித்தாள்.

"பிடியும்... பிடியும்... ம், இப்ப விடும்."

விட்டாள்.

"மூண்டு," என்றார், வாகனத்துக்கு அடியில் கிடந்த ஜீவரத்தினம். "இன்னும் பதினேழு கிடக்கு."

நோர்பரியில் அந்தத் தெருவுக்கே பழகிப்போன குரல். காலையில் இருபது, மத்தியானம் இருபது, பொழுதுபட முன் இருபது. ஆறு வாரமாக, தூறலிலும்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் சேகர் லேப்டாப்பை மூடினான்.

"இந்த மனுஷனைப் பார்த்தியா? ஸ்ட்ரோக் வந்த பொண்டாட்டியை வண்டியில ஏத்தி உக்கார வெச்சு, பிரேக் மிதிக்க விடறார்."

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்," என்றாள் கல்யாணி.

"சொன்னேன். 'இன்னும் காத்து போகேல்லை, தம்பி'ங்கறார்."

வாகனம், நாற்பது வயதான ஒரு மோட்டார்ஹோம். உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு. மகள் லோஜினிக்கு ஸ்டுட்கார்ட்டில் அடுத்த மாதம் பிள்ளை பிறக்க இருந்தது. யோகமலர் இப்போதைக்கு விமானம் ஏறக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். படுத்துக்கொண்டே போகட்டும் என்று ஜீவரத்தினம் இதை வாங்கினார். பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, டிஸ்க் பிரேக்கைத் தானே பூட்டினார்.

அன்றிலிருந்து பெடல் பஞ்சு மாதிரி கீழே போனது. எண்ணெய்க் குழாயை மாற்றினார். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார். பிறகு, குழாய்க்குள் அடைபட்ட காற்றை வெளியேற்ற இந்த மிதி.

சேகர் ஒரு வாரம் யூடியூப் பார்த்தான். சனிக்கிழமை ஒரு அட்டைப்பெட்டியுடன் வெளியே வந்தான்.

"அங்கிள், இது பம்ப். காத்தை எடுக்க ஒரே ஆள் போதும். ஆன்ட்டி உள்ள ரெஸ்ட் எடுக்கட்டும்."

"வேண்டாம் தம்பி. அவ மிதிச்சாத்தான் சரிவரும்."

"பிரேக்குக்குப் பதிலா இவரை மிதிக்க என்னை விட்டிருந்தால் எப்பவோ சரிவந்திருக்கும்," என்றாள் யோகமலர், சாரதி ஆசனத்திலிருந்து. "இருங்கோ சேகர், தேத்தண்ணி கொண்டு வாறன்."

கணவரின் தோளைப் பிடித்து இறங்கினாள். ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள். வலது காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள்.

கதவு சாத்தும்வரை சேகர் பொறுத்திருந்தான்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள். உங்க தப்பு என்னன்னு எனக்குத் தெரியும். டிஸ்க்கைப் பிடிக்கற காலிப்பரை இடம் வலம் மாத்தி மாட்டியிருக்கீங்க. அப்படி மாட்டினா காத்து வெளியேத்தற நட் கீழ வந்துடும். காத்து மேலயே நிக்கும். ஆன்ட்டி வருஷம் பூரா மிதிச்சாலும் போகாது."

"ஓம்," என்றார் ஜீவரத்தினம். "அதேதான்."

சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு இது போதவில்லை. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான். நட் மேலே இருந்தது. மற்றப் பக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் மேலே.

ஏறி உட்கார்ந்து மிதித்தான். பெடல் ஒரு அங்குலம் இறங்கிக் கல்லு மாதிரி நின்றது. இன்னொரு தடவை மிதித்தான். அதே இடத்தில் நின்றது.

"அங்கிள், பிரேக் சரியாத்தானே இருக்கு."

"மெல்லக் கதையுங்கோ. மாத்திப் பூட்டினது நான்தான். முதல் கிழமையே கண்டுபிடிச்சுத் திருப்பிப் பூட்டியிட்டன்."

"ஆன்ட்டிக்குத் தெரியாதா?"

"அவவுக்கு ஓட்டத் தெரியாது. பெடல் இறுக்கமா நிக்கிறதுதான் காத்து எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"அப்புறம் எதுக்கு அங்கிள், நாளுக்கு மூணு வேளை..."

ஜீவரத்தினம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரித் தாள். எண்ணெய்க் கறை. நடுவில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. ஒரு பாதத்தின் படம், கீழே நாலு வரி.

வலது கால். மிதித்து, பிடித்து, விடவும். இருபது தடவை. நாளுக்கு மூன்று வேளை.

"கிழிச்சுக் குப்பையில போட்டவ," என்றார். "எனக்கு இனி என்னத்துக்கு எண்டு. தன்ரை காலுக்காக ஒரு நாளும் மிதிக்கேல்லை. மகளிட்டப் போற வண்டிக்கெண்டால், ஒரு நாளும் விடேல்லை."

வாசற்கதவு திறந்தது. சேகர் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தான்.

யோகமலர் கைக்கொன்றாக இரண்டு கோப்பையோடு வந்தாள். ஊன்றுகோல் வாசலிலேயே சாய்ந்திருந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்ன சேகர், நீங்களும் மிதிச்சுப் பாத்தனீங்களோ? எப்பிடி இருக்கு?"

சேகர் ஆசனத்திலிருந்து இறங்கி, கோப்பைகளை வாங்கிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு ஆன்ட்டி," என்றான். "ஏறுங்க. இன்னைக்கு நான் எண்ணறேன்."